ஒரே ஓட்டை, ஆறு ஸ்பீக்கர்: கேமிங் லேப்டாப்பில் 5.1 சரவுண்ட் இணைப்பது எப்படி?

கேள்வி: வடபழனியிலிருந்து எழுதுகிறேன். புதுசா ஒரு கேமிங் லேப்டாப் வாங்கியிருக்கேன். வீட்டில் பழைய 5.1 செட் ஒன்று சும்மா கிடக்குது. ஊஃபருக்குப் பின்னாடி சிவப்பும் வெள்ளையுமா ஆறு ஓட்டை, பக்கத்துல ஏயூஎக்ஸ்னு இன்னும் ரெண்டு. லேப்டாப்பில் ஹெட்போன் ஓட்டை ஒண்ணுதான். அதிலிருந்து ஏயூஎக்ஸ்க்கு கேபிள் போட்டா எல்லா ஸ்பீக்கர்லயும் சத்தம் வருது, ஆனா கேம்ல பின்னாடி ஆள் வந்தா பின்னாடி கேட்கல. நண்பனோட சவுண்ட்பாரை எச்டிஎம்ஐயில செருகிப் பார்த்தோம், அதுல சத்தமே வரல. என்ன வாங்கணும், எப்படி மாட்டணும்?

பதில்:

லேப்டாப்பும் கெட்டுப்போகவில்லை, ஸ்பீக்கரும் கெட்டுப்போகவில்லை. 5.1 என்றால் முன் இரண்டு, பின் இரண்டு, சென்டர் ஒன்று, ஊஃபர் ஒன்று என ஆறு சேனல், அதாவது ஆறு தனித்தனிச் சத்தம். அது லேப்டாப்பை விட்டு ஆறாகவே வெளியே வர ஒரு வழி வேண்டும். நீங்கள் முயன்ற இரண்டு இடத்திலும் அந்த வழி இல்லை. அதற்கு மூன்று வழிதான் உண்டு: யூஎஸ்பி சவுண்ட் கார்டிலிருந்து மூன்று அனலாக் கேபிள், எச்டிஎம்ஐ, ஆப்டிகல் (சத்தத்தை ஒளியாக அனுப்பும் கேபிள்). இதில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை லேப்டாப் தீர்மானிக்காது, ஸ்பீக்கர் செட்டின் முதுகுதான் தீர்மானிக்கும். அதனால் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குக் கிளம்பும் முன் செட்டைத் திருப்பி, பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாயால் விளக்குவதைவிட அது உதவும்.

முதலில் அந்த ஹெட்போன் ஓட்டை. உள்ளே நாலு தொடுமுனை இருக்கும்: இடது, வலது, கிரவுண்ட், மைக். சத்தத்துக்கு இரண்டே சேனல். அதில் ஒய் ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்றாகப் பிரித்தாலும் அதே இரண்டு சேனல்தான் மூன்று இடத்துக்குப் போகும். பிறகு ஏன் ஆறு ஸ்பீக்கரும் பாடுகிறது? நம் ஊரில் விற்கும் பெரும்பாலான 5.1 செட்டுகள் ஏயூஎக்ஸ் பொத்தானில் இருக்கும்போது முன் ஸ்பீக்கருக்கு வருவதையே பின் ஸ்பீக்கருக்கும் நகலெடுத்துக் கொடுக்கும். பாட்டுக்கு அது போதும். கேமில் எதிரி பின்னால் வந்தாலும் முன்னால் வந்தாலும் ஒரே மாதிரிதான் கேட்கும். லேப்டாப்பின் சவுண்ட் சிப்பான ரியல்டெக்கின் செட்டிங்கில் மைக் ஓட்டையையே பின் ஸ்பீக்கர் ஓட்டையாக மாற்றலாம் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். மூன்று ஓட்டை இருந்த டெஸ்க்டாப் போர்டுக்கும் அந்தக் காலத்து லேப்டாப்புக்கும் அது சரி. ஒற்றை ஓட்டையில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

நீங்கள் சொன்ன சிவப்பு-வெள்ளை ஓட்டைக்கு ஆர்சிஏ என்று பெயர். அந்த ஆறு ஓட்டை ஆர்சிஏ செட்டுக்குச் சரியான தீர்வு யூஎஸ்பி சவுண்ட் கார்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டைவிரல் அளவில் ஒரு டாங்கிள், மேலே "7.1 சேனல்" என்று கொட்டை எழுத்து, ஆனால் ஓட்டை பார்த்தால் இரண்டே: ஒன்று ஹெட்போன், இன்னொன்று மைக். அந்த 7.1 ஹெட்போனுக்குள் கணக்குப் போட்டுக் காட்டும் மாயச் சரவுண்ட். உங்கள் செட்டுக்கு ஒரு பைசா பயன் இல்லை. நீங்கள் வாங்கும் கார்டில் சத்தம் வெளியே வரும் ஓட்டை மட்டும் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்: முன், பின், சென்டர்-ஊஃபர். மைக், லைன்-இன் இவை தனி. தீப்பெட்டியைவிடப் பெரிய ஒரு டப்பா, பக்கத்தில் வரிசையாக ஐந்தாறு வண்ண ஓட்டை, இதுதான் அடையாளம். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் சி-மீடியா சிஎம்6206 சிப் இருக்கும், அது போதும். கிரியேட்டிவ் சவுண்ட் பிளாஸ்டர் வரிசையிலும் 5.1 யூஎஸ்பி கார்டுகள் உண்டு. இரைச்சல் குறைவு, டிரைவர் ஒழுங்கு, விலை கூடுதல்.

இந்த மலிவு கார்டுகள் ஆறு சேனலில் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். காரணம் எளிய கணக்கு. அவை பழைய ஃபுல்-ஸ்பீட் யூஎஸ்பியில் ஓடுபவை, அதன் உச்சம் விநாடிக்கு 12 மெகாபிட். ஆறு சேனல், 16 பிட், 48,000 என்று பெருக்கினால் 4.6 மெகாபிட், தாராளமாக நுழையும். ஆறு சேனல், 24 பிட், 96,000 என்றால் 13.8 மெகாபிட், நுழையாது. கேமுக்கு 48 போதும், இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கேபிள் மூன்று வேண்டும். மூன்றும் ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறு முனையில் இரண்டு ஆர்சிஏ. பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ. மூன்று வளையம், மறுமுனையில் சிவப்பு-வெள்ளை-மஞ்சள் இருந்தால் அது பழைய கேமராவுக்கும் செட்-டாப் பாக்ஸுக்கும் வரும் ஏவி கேபிள். அதை வாங்காதீர்கள், கிரவுண்ட் இடம் மாறி ஒரு பக்கம் சத்தமே வராது. நீளம் ஒன்றரை மீட்டர் போதும். கார்டை லேப்டாப் பக்கம் வைப்பதா ஊஃபர் பக்கம் வைப்பதா என்று பார்த்து எடுங்கள்.

இணைப்பு இப்படி. கார்டின் பச்சை ஓட்டை, செட்டில் எஃப்எல், எஃப்ஆர் என்று எழுதியிருக்கும் முன் இரண்டுக்கு. கறுப்பு ஓட்டை, எஸ்எல், எஸ்ஆர் என்ற சரவுண்டுக்கு. ஆரஞ்சு ஓட்டை, சென்டர், ஊஃபர் இரண்டுக்கு. வெள்ளை இடது, சிவப்பு வலது. எல்லாம் செருகியபின் ரிமோட்டில் இன்புட்டை ஏயூஎக்ஸிலிருந்து 5.1க்கு மாற்ற வேண்டும். சில செட்டில் அது டிவிடி என்றும், சிலவற்றில் ஏசி3 என்றும் இருக்கும். "எல்லாம் சரியாகத்தான் மாட்டினேன், சத்தமே இல்லை" என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் இந்தப் பொத்தானை அழுத்த மறந்தவர்கள்.

அடுத்து விண்டோஸ். கார்டை லேப்டாப்பின் சொந்த யூஎஸ்பி போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள், மவுஸும் கீபோர்டும் தொங்கும் ஹப்பில் வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய்க் கீழே "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" திறந்தால் பழைய சின்னப் பெட்டி ஒன்று வரும். வேலை முழுக்க அதில்தான். பிளேபேக் பட்டியலில் யூஎஸ்பி கார்டைத் தேர்ந்தெடுத்து டீஃபால்ட் ஆக்குங்கள். அப்புறம் கீழே இடதுபக்கம் "கான்ஃபிகர்". அதில் 5.1 சரவுண்ட் தேர்ந்தெடுத்து டெஸ்ட் அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓசை சுற்றி வரும். படத்தில் இருக்கும் ஸ்பீக்கரைத் தனித்தனியாகத் தட்டியும் பார்க்கலாம். கான்ஃபிகர் பொத்தான் மங்கி அழுத்த முடியாமல் இருந்தாலோ, உள்ளே ஸ்டீரியோ மட்டும் காட்டினாலோ, விண்டோஸ் பார்வையில் அந்தக் கருவி இரண்டு சேனல் கருவி. டிரைவர் போடாமல் விட்டிருக்கலாம், அல்லது கடைக்காரர் கொடுத்தது அந்த இரண்டு ஓட்டை டாங்கிளாக இருக்கலாம். பிறகு அட்வான்ஸ்ட் பக்கத்தில் 16 பிட் 48,000 வைத்துவிடுங்கள். ஸ்பேஷியல் சவுண்ட் பக்கத்தில் "ஆஃப்". விண்டோஸ் சோனிக்கும், ஹெட்போனுக்கான டால்பி அட்மாஸும் ஆறு சேனலைப் பிசைந்து இரண்டாக்கும் வேலை செய்பவை. நிஜமாக ஆறு ஸ்பீக்கர் இருக்கும்போது அவை எதிரி.

டெஸ்டில் மூன்று விதமான கோளாறு வரும்.

சென்டரைத் தட்டினால் ஊஃபர் "பும்" என்று முனகும், ஊஃபரைத் தட்டினால் சென்டர் அரைகுறையாக இழுக்கும். ஆரஞ்சு கேபிளில் சென்டரும் ஊஃபரும் இடது வலதாகப் பயணிக்கின்றன. எது எதில் என்பதில் எல்லாத் தயாரிப்பாளரும் ஒத்துப்போவதில்லை. படத்தில் வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்டால் இதுதான். ஆரஞ்சு கேபிளின் சிவப்பையும் வெள்ளையையும் செட்டின் பின்னால் இடம் மாற்றிச் செருகுங்கள், முடிந்தது.

இரண்டாவது, பின் ஸ்பீக்கர் இரண்டும் ஊமை. கார்டு 7.1 ஆக இருந்தால் அதில் கறுப்பு, சாம்பல் என இரண்டு சரவுண்ட் ஓட்டை இருக்கும். விண்டோஸில் 5.1 என்பதிலும் இரண்டு வகை உண்டு, சரவுண்டைப் பக்கவாட்டில் வைப்பது, பின்னால் வைப்பது. ஓசை ஒரு ஓட்டையில், உங்கள் கேபிள் இன்னொன்றில். கறுப்புப் பின்னைப் பிடுங்கிச் சாம்பலில் செருகிப் பாருங்கள். ஸ்பீக்கர் ஐந்தே வைத்துக்கொண்டு விண்டோஸில் 7.1 தேர்ந்தெடுப்பதும் இதே போல ஒரு ஜோடி சத்தத்தைக் காற்றில் விட்டுவிடும்.

மூன்றாவது, ஒரே ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. கார்டா, கேபிளா, செட்டா என்று பிரிக்க வேண்டும். ஹெட்போன் ஓட்டை உள்ள ஒரு போனில் பாட்டைப் போட்டு, நல்ல ஒரு கேபிளால் அந்தச் சேனலின் ஆர்சிஏ ஓட்டையில் நேராகக் கொடுங்கள். பாடினால் செட் நலம், தவறு முன்னால் இருக்கிறது. பாடவில்லை என்றால் அந்த ஸ்பீக்கரின் ஒயரைப் பாடும் ஸ்பீக்கர் ஒயரோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மெளனம் ஸ்பீக்கரோடு நகர்ந்தால் ஸ்பீக்கர், அதே இடத்தில் நின்றால் ஆம்ப்ளிஃபயர் ஐசி. திருவான்மியூர், பெசன்ட் நகர் போல உப்புக்காற்று அடிக்கும் பகுதியில் பல வருடம் கிடந்த செட் என்றால் இதற்கெல்லாம் முன்பே ஓட்டைகளைப் பாருங்கள். ஆர்சிஏ வளையத்தில் பச்சை பூத்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து, பின்னைச் செருகி நாலைந்து முறை திருகினாலே பாதிக் கரகரப்பு போய்விடும்.

எல்லாம் சரியாகிக் கேமைத் திறந்ததும் அடுத்த ஏமாற்றம் காத்திருக்கும்: "ஏயூஎக்ஸில் இருந்த பேஸ் எங்கே போச்சு?" நியாயமான கேள்வி. ஏயூஎக்ஸில் போடும்போது செட்டே அடித்தொனியைப் பிரித்து ஊஃபருக்கு அனுப்பும். 5.1 இன்புட்டில் அது பெரும்பாலும் கை வைக்காது. ஊஃபர் கம்பியில் வருவதை மட்டும் ஊஃபருக்குக் கொடுக்கும். 5.1இல் ".1" என்கிற சேனலில் குண்டு வெடிப்பு, நிலநடுக்கம் மாதிரி தனிச் சத்தங்கள் மட்டும்தான் வரும். முன் ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டின் பேஸ் அந்த மூன்று அங்குல ஸ்பீக்கரிலேயே மூச்சுத் திணறும். தீர்வு விண்டோஸிலேயே இருக்கிறது. கான்ஃபிகரின் கடைசிப் பக்கத்தில் "ஃபுல்-ரேஞ்ச் ஸ்பீக்கர்ஸ்" என்று கேட்கும், எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகு என்ஹான்ஸ்மெண்ட்ஸ் பக்கத்தில் பேஸ் மேனேஜ்மெண்ட் இருந்தால் போடுங்கள். அடித்தொனி பிரிந்து ஊஃபருக்குப் போகும். அந்தப் பக்கமே சில கார்டின் டிரைவரில் இருக்காது. அப்போது ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் முன் இரண்டு சேனலையும் பாதிப் பாதி அளவில் எடுத்து ஊஃபர் சேனலில் கூட்டி, அங்கே 120 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் ஃபில்டர் ஒன்று வைத்துவிடலாம். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை, ஆனால் மலிவு 5.1 செட்டை உயிர்ப்பிப்பதில் இதைவிடப் பெரிய பலன் தருவது வேறெதுவும் இல்லை.

கேமின் ஆடியோ செட்டிங்கில் ஹெட்போன் என்று இருந்தால் ஸ்பீக்கர், ஹோம் தியேட்டர், சரவுண்ட் என எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். எச்ஆர்டிஎஃப் என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள், அது காது மடலுக்கான கணக்கு. பல கேம்கள் எத்தனை சேனல் என்பதைத் திறக்கும்போது ஒரு முறைதான் பார்க்கும், அதனால் விண்டோஸில் மாற்றியபின் கேமை மூடித் திறக்க வேண்டும். யூடியூப் பாட்டில் பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்று பதற வேண்டாம், பாட்டு இரண்டு சேனல்தான்.

உங்களிடம் இருப்பது ஆர்சிஏ செட் என்றாலும், நண்பரின் சவுண்ட்பார் கதையைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதே தவறை ஊரே செய்கிறது. சவுண்ட்பாரில் இருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டைக்கு மேல் ஏஆர்சி என்று எழுதியிருக்கும். அது டிவியின் ஏஆர்சி ஓட்டையிலிருந்து சத்தத்தைத் திருப்பி வாங்கும் வாசல். படம் டிவிக்குப் போகும் அதே கம்பியில், சத்தம் எதிர்த்திசையில் வரும் ஏற்பாடு, எச்டிஎம்ஐ 1.4இல் வந்தது. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ வெளியே அனுப்ப மட்டுமே தெரிந்தது, ஏஆர்சி பேசத் தெரியாது. சவுண்ட்பாரின் ஏஆர்சி ஓட்டையும் படத்தை டிவிக்கு வெளியே அனுப்பும் ஓட்டைதான். இரண்டு வாசலும் வெளியே பார்த்து நின்றால் உள்ளே யார் வருவது? சவுண்ட்பாரில் "எச்டிஎம்ஐ இன்" என்று தனி ஓட்டை இருந்தால் மட்டுமே லேப்டாப்பை நேராகச் செருகலாம்.

அப்படியானால் டிவியை நடுவில் வைத்தால்? லேப்டாப்பிலிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து ஏஆர்சி வழியாக சவுண்ட்பாருக்கு. சத்தம் வரும். ஆனால் லேப்டாப் எத்தனை சேனல் அனுப்பலாம் என்பதை எதிரே இருக்கும் கருவி சொல்லும் தகவலை வைத்தே முடிவு செய்யும். அதற்கு ஈடிஐடி என்று பெயர். பெரும்பாலான டிவிகள் "என்னிடம் ஸ்பீக்கர் இரண்டுதான்" என்று சொல்லிவிடும், விண்டோஸும் கான்ஃபிகரில் ஸ்டீரியோவை மட்டும் காட்டும். அதோடு சாதாரண ஏஆர்சி, சுருக்காத சத்தத்தில் இரண்டு சேனலைத்தான் தாங்கும். ஆறு வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் மாதிரி சுருக்கியாக வேண்டும். படம் ஏற்கெனவே டால்பியில் சுருக்கித்தான் வருகிறது, அதனால் படம் 5.1இல் ஓடும். கேம் சத்தம் அந்தந்த நொடியில் பிறப்பது, சுருக்கப்படாதது. படத்தில் சரவுண்ட், கேமில் ஸ்டீரியோ என்ற புதிர் இப்படித்தான் வருகிறது. எச்டிஎம்ஐ 2.1உடன் வந்த ஈ-ஏஆர்சி எட்டுச் சேனல் வரை சுருக்காமல் கடத்தும். ஆனால் டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் அது இருக்க வேண்டும், டிவியும் லேப்டாப்பிடம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆப்டிகலும் இதே நோய்தான். அதில் சுருக்காமல் இரண்டு சேனல், அல்லது சுருக்கிய டால்பி, டிடிஎஸ். கேமை 5.1ஆக அனுப்ப வேண்டுமானால் ஓடும்போதே சுருக்கிக் கொடுக்கும் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் உள்ள சவுண்ட் கார்டு வேண்டும். லேப்டாப் மேல் ஒட்டியிருக்கும் டால்பி ஸ்டிக்கர் இதைக் குறிக்காது. "லைவ்" என்ற சொல் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். லாஜிடெக் இசட்906 மாதிரி ஆப்டிகலும் ஆறு சேனல் நேரடி இன்புட்டும் சேர்ந்தே இருக்கும் செட்டில், கேமுக்கு ஆறு சேனல் இன்புட்டே மேல், சுருக்குவதால் வரும் தாமதம் அதில் இல்லை. ப்ளூடூத் பற்றி ஒரே வரி: இரண்டு சேனல், அதுவும் துப்பாக்கி வெடித்தபின் யோசித்துத் தாமதமாகக் கேட்கும்.

நாளைக்கு ஏவி ரிசீவர் (எச்டிஎம்ஐயில் படமும் சத்தமும் வாங்கி, ஸ்பீக்கர்களை ஓட்டும் பெரிய ஆம்ப்ளிஃபயர்) வாங்கும் எண்ணம் இருந்தால் எச்டிஎம்ஐதான் ராஜபாட்டை. சுருக்காத எட்டுச் சேனல் வரை போகும், கார்டு வேண்டாம், மூன்று கேபிள் வேண்டாம். லேப்டாப்பிலிருந்து ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து டிவிக்கு என்று வரிசை இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் மேலே சொன்ன ஏஆர்சி கதைக்குத் திரும்பிவிடுவீர்கள். பிளேபேக் பட்டியலில் என்விடியா ஹை டெஃபனிஷன் ஆடியோ என்றோ, இன்டெல், ஏஎம்டி பெயரிலோ ஒரு கருவி தோன்றும்; எந்த கிராபிக்ஸோடு அந்த எச்டிஎம்ஐ ஓட்டையைத் தயாரிப்பாளர் இணைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தோன்றவே இல்லையென்றால் என்விடியா டிரைவர் போட்டபோது எச்டி ஆடியோ டிக்கை எடுத்திருப்பீர்கள். டெஸ்ட் ஓடும்போது ரிசீவர் முகப்பில் ஸ்டீரியோ என்றில்லாமல் மல்டி சேனல் என்று வர வேண்டும்.

கேமருக்கு இதில் ஒரு சங்கடம். எச்டிஎம்ஐ 2.0 ரிசீவர் வழியாகப் போனால் 4கே படம் 60 ஹெர்ட்ஸில் நின்றுவிடும், உங்கள் மானிட்டர் 144ஆக இருந்தாலும். மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டிலோ, படம் தரக்கூடிய யூஎஸ்பி-சியிலோ தனியாக மாட்டி, எச்டிஎம்ஐயை ரிசீவருக்கு மட்டும் விடுங்கள். விண்டோஸ் ரிசீவரை இன்னொரு திரை என்று நம்பும், மவுஸ் அம்பு அடிக்கடி அந்தப் பேய்த்திரைக்குள் போய் மறையும். டூப்ளிகேட் வைத்தால் பெரும்பாலும் இரண்டும் 60க்கு இறங்கும். எக்ஸ்டெண்ட் வைத்து, டிஸ்ப்ளே செட்டிங்கில் அந்தத் திரைப் பெட்டியை இழுத்து உண்மையான திரையின் மூலை மட்டும் தொடுமாறு மாட்டிவிடுங்கள். அம்பு அந்த ஒரு முனை வழியாக நுழைவது அபூர்வம்.

இப்போது இரைச்சல். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஹம்மிங், மவுஸை நகர்த்தினால் கீச்சொலி. சார்ஜரைப் பிடுங்கினால் அமைதி. இது கிரவுண்ட் லூப்: லேப்டாப்புக்கு எர்த் ஒரு வழியில், ஊஃபருக்கு எர்த் இன்னொரு வழியில், இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஆடியோ கேபிள். முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள், பாதி வீடுகளில் அதோடு சரியாகும். இல்லையென்றால் 3.5 மி.மீ. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர், அதாவது கிரவுண்ட் தொடர்பைத் துண்டித்துச் சத்தத்தை மட்டும் கடத்தும் சின்னக் கருவி. ஆனால் மூன்று கேபிளுக்கும் மூன்று வேண்டும், மலிவானது பேஸையும் கொஞ்சம் தின்னும். அதைவிட, லேப்டாப்புக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவில் ஒரு யூஎஸ்பி ஐசொலேட்டர் போதும். கார்டே ஃபுல்-ஸ்பீட் என்பதால் 12 மெகாபிட் ஐசொலேட்டரே பொருந்தும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொல்லும் ஞானிகள் நம் தெருவில் உண்டு. கேட்காதீர்கள். ஹம்மிங் போகும், லேப்டாப் உடம்பைத் தொட்டால் ஷாக் அடிக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால் லூப் இல்லை, சைன் வேவ் தராத பழைய இன்வெர்ட்டர். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஊஃபர் அதில் அப்படித்தான் உறுமும். அவ்வப்போது "டக் டக்" என்று வெட்டினால் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள்.

ஒயரிங்கில் பின் ஸ்பீக்கருக்கான ஒயரைத்தான் பெரும்பாலும் நீட்ட வேண்டியிருக்கும். கதவுச் சட்டத்துக்கு மேலே சுற்றிப் போனால் 8 மீட்டர் சுலபமாக ஆகும், போகவர 16 மீட்டர் செம்பு. கடையில் தரும் 14/38 ஒயர் (38 கேஜ் மெல்லிய இழை 14 சேர்ந்தது) என்றால் அதில் மட்டும் ஏறத்தாழ 1 ஓம் தடை. 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே காலி. 23/38 கொஞ்சம் தேவலை. ஒரு ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் வாங்கினால் தடை கால் ஓமுக்குச் சற்று மேல், அதோடு நிம்மதி. பிளஸ் மைனஸ் மாறாமல் பாருங்கள். ஒயரின் ஒரு பக்கம் கோடு அல்லது சிவப்பு இருக்கும். ஒரு பின் ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக மாட்டினால் பின்னால் வரும் சத்தம் எந்தத் திசை என்றே தெரியாமல் மிதக்கும்.

வைக்கும் இடம். 10க்கு 12 அடி பெட்ரூம், 10 அடிச் சுவரை ஒட்டி நடுவில் மேஜை என்று வைத்துக்கொள்வோம். முன் இரண்டும் திரைக்கு இருபுறம், உங்கள் காதோடு சேர்ந்து சமபக்க முக்கோணம்: காதிலிருந்து இரண்டரை அடி என்றால் இரண்டுக்கும் நடுவிலும் இரண்டரை அடி. சென்டர் திரைக்குக் கீழே, முகத்தைப் பார்த்துச் சற்று நிமிர்த்தி. சரவுண்ட் இரண்டையும் கட்டில் பக்கத்து மூலையில் கொண்டுபோய் வைப்பதுதான் வழக்கமான தவறு. 5.1க்கு அவற்றின் இடம் முகத்துக்கு நேரிலிருந்து 110 டிகிரி, அதாவது பக்கச் சுவர்களில், காது இருக்கும் கோட்டிலிருந்து 2 அடி பின்னால், காதைவிட ஓரடி உயரத்தில். அப்படி வைத்தாலும் முன் ஸ்பீக்கரைவிட அவை இரண்டு மடங்கு தூரம். தூரம் இரட்டித்தால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும், அறையில் அதைவிடக் கொஞ்சம் கம்மியாகக் குறையும். ரிமோட்டில் சரவுண்ட் லெவலை இரண்டு மூன்று படி ஏற்றி, டெஸ்ட் ஓசை ஐந்திலும் ஒரே அளவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். போன் ஆப் அளவுமானி இதற்குப் போதும். எதிரி பின்னால் நடப்பது நன்றாகக் கேட்க வேண்டுமென்று சரவுண்டை இன்னும் ஏற்றினால் முன்னால் வருபவனைக் கோட்டைவிடுவீர்கள். போட்டியாக ஆடும் ஷூட்டர் கேமுக்கு இன்னமும் நல்ல ஹெட்போன்தான் என் ஓட்டு. கார் ரேஸுக்கும் கதை விளையாட்டுக்கும் இந்தச் செட்.

ஊஃபரை மூலையில் தள்ளினால் பேஸ் ஏறும், ஆனால் காங்கிரீட் அறையில் அது உருண்டுகொண்டே இருக்கும். மூலையிலிருந்து ஓரிரு அடி வெளியே, மேஜைக்கு அடியில், கீழே தடித்த ரப்பர் மேட். அபார்ட்மெண்ட் என்றால் அந்த மேட் கீழ் வீட்டுக்காரருக்காக. வெறும் தரையில் நிற்கும் ஊஃபர் உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகக் கேட்கும்.